மராகேஷிலிருந்து எஸ்ஸவீராவுக்கு ஒரு நாள்: வழிகாட்டியோடு போகலாமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. மே மாதம் மொரோக்கோவின் மராகேஷில் நான்கு நாள் தங்குகிறார்கள். அதில் ஒரு நாளை அட்லாண்டிக் கரையிலுள்ள எஸ்ஸவீராவுக்கு ஒதுக்க எண்ணம். 'வழிகாட்டியுடன் ஒரு நாள் சுற்றுலா' என்று தங்கும் விடுதியிலேயே விற்கிறார்கள். கூட 66 வயது அம்மா வருகிறார், சுத்த சைவம். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் வேனில் உட்காரும் அளவுக்கு அந்த ஊரில் ஏதாவது இருக்கிறதா, இல்லை அதுவும் ஒரு கடற்கரை ஊர்தானா? ஊருக்குக் கொண்டுபோக என்ன வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வழிகாட்டி எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார்?" நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை இதே மாதிரி வேனில். விளம்பரத்தில் 'வழிகாட்டியுடன்' என்று இருந்ததை நம்பிப் பணம் கட்டினேன். வேன் ஓட்டியவர்தான் வழிகாட்டி என்பது ஊர் வாசலில் எங்களை இறக்கிவிட்டு, "மூன்றரைக்கு இங்கேயே வந்துவிடுங்கள்" என்று சொன்னபோதுதான் தெரிந்தது. நல்ல மனிதர், நன்றாகவும் ஓட்டினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மொரோக்கோவில் வழிகாட்டி என்பது சுற்றுலா அமைச்சகத்தின் அனுமதி பெற்றுக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருப்பவர். வேன் ஓட்டுநர் அந்த வேலையைச் செய்ய முடியாது. பல நிறுவனங்கள் உள்ளூர் வழிகாட்டியைத் தனிக் கட்டணத்தில்தான் தருகின்றன. அதை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஒன்றரை மணி நேரம் அவர் கூட வந்தால் போதும், நாள் முழுக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பாதை. மராகேஷிலிருந்து மேற்கே 180 கிலோமீட்டர் சொச்சம், பெரும்பாலும் சமவெளி. வழியிலுள்ள ஷிஷாவா என்ற ஊரைத் தாண்டிய பிறகு மண் சிவந்து, முள்ளும் கல்லுமாகி, மெல்ல ஆர்கன் மரங்கள் தலைகாட்டும். முறுக்கிய தண்டும் முள்ளும் சிறிய இலையுமாக நிற்கும் இந்த மரம் தென்மேற்கு மொரோக்கோவுக்கே உரியது. 1998இல் யுனெஸ்கோ இந்த ஆர்கன் வனப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

இங்கேதான் வேன் முதல் தடவை நிற்கும். மரத்தில் ஆடுகள்! ஒவ்வொரு கிளையிலும் ஒன்று, அலங்கரித்து வைத்த மாதிரி. ஆர்கன் பழத்துக்காக ஆடு மரம் ஏறுவது உண்மைதான், காட்டுக்குள் தன்னிச்சையாக ஏறும். சாலையோரத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஜோடனை. நான் பார்த்த மரத்தில் கிளைகளுக்கு இடையே பலகை அடித்திருந்தது. இருபது நிமிடமும் ஒரு ஆடு கூட வாயை அசைக்கவில்லை. பழம் தின்ன ஏறிய ஆடு அப்படியா நிற்கும்? கீழே மேய்ப்பவர் காசுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் மணிக்கணக்காக நிற்க வைக்கிறார்கள். ஓட்டுநரிடம் "நிறுத்த வேண்டாம்" என்று சொன்னால் கேட்டுக்கொள்வார். எஸ்ஸவீராவில் சுற்ற உங்களுக்கு இருபது நிமிடம் மிச்சம்.

அடுத்த நிறுத்தம் ஆர்கன் எண்ணெய்க் கூட்டுறவு. இதை முழுசாகத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, ஒரு கல்லின் மேல் கொட்டையை நிறுத்தி இன்னொரு கல்லால் தட்டுவார்கள். அந்தக் கொட்டை லேசில் உடையாது. இடம் பார்த்து ஒரே தட்டு, ஓடு இரண்டாகப் பிளந்து உள்ளே பாதாம் பருப்பு மாதிரி வெள்ளைப் பருப்பு. என் கையில் ஒரு கல்லைக் கொடுத்தார்கள். ஏழு தட்டு தட்டினேன், எட்டாவது என் விரலில் விழுந்தது, பக்கத்தில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பருப்பை வறுத்து அரைத்தால் சமையல் எண்ணெய், வறுக்காமல் பிழிந்தால் தோலுக்கும் முடிக்கும் பூசுவது. வறுத்ததற்கு எள்ளும் நிலக்கடலையும் கலந்த வாசனை வரும். பூசும் எண்ணெயில் அந்த வாசனை இருக்கக் கூடாது. 'கூட்டுறவு' என்று பலகை வைத்ததெல்லாம் கூட்டுறவு இல்லை. வாசலில் நாலு பெண்களை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் தனியார் கடை நடத்துவதும் உண்டு. எண்ணெயை ஊருக்குள்ளேயும் வாங்கலாம், இங்கே அவசரப்பட வேண்டாம்.

சரி, ஊருக்கு வருவோம். மலைமேட்டிலிருந்து சாலை இறங்கும்போது கடலும் வெள்ளை ஊரும் ஒன்றாகத் தெரியும். கண்ணாடியை இறக்கினால் காற்று முகத்தில் அறையும். அதுதான் இந்த ஊரின் குணம். பள்ளிக்கூடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அது வடகிழக்கிலிருந்து இந்தக் கரையோரமாகவே அடிக்கிறது. கடலில் குளிர்ந்த கேனரி நீரோட்டம், உள்நாட்டில் கொதிக்கும் தரை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் இது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உச்சம். மராகேஷ் நாற்பது டிகிரியில் வேகும் நாளில் இங்கே இருபத்து நாலு, இருபத்தைந்துதான் இருக்கும். மே மாதம் போகிறீர்கள், அதனால் அம்மாவுக்குத் தலையை மூடிக் கட்டுகிற மாதிரி ஒரு சால்வை கட்டாயம். கடலில் குளிக்கலாம் என்று நினைத்தால் மறந்துவிடுங்கள், தண்ணீர் சில்லென்று இருக்கும், மணல் காலில் ஊசி மாதிரி குத்தும். அலைச்சறுக்குக்காரர்களுக்குத்தான் அந்தக் கரை.

இந்த ஊரில் வழி தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆள் தேவையில்லை. மராகேஷ் பழைய நகரத்தில் சுற்றிவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் உடனே புரியும். தெருக்கள் நேராக இருக்கின்றன! தானாக வளர்ந்த ஊர் இல்லை இது, வரைபடம் போட்டுக் கட்டிய ஊர். 1760களில் சுல்தான் சிதி முகமது பின் அப்துல்லா, தியோடோர் கோர்னு என்ற பிரெஞ்சுப் பொறியாளரை அமர்த்தி இதைக் கட்ட வைத்தார். ஐரோப்பியக் கோட்டைக் கணக்கும் மொரோக்கோ மதில் நகரமும் கலந்த ஊர். அந்தக் கலப்புக்காகத்தான் 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஒரு கோடியில் இருக்கும் துக்காலா வாசலில் நுழைந்து நேராக நடந்தால் மறு கோடியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள், தொலைந்துபோக வழியே இல்லை. உள்ளே வண்டி வாகனமும் கிடையாது. சாமான் தூக்க இரு சக்கரத் தள்ளுவண்டிக்காரர்கள் மட்டும் கத்திக்கொண்டே போவார்கள். தரையும் சமம், அம்மாவுக்கு நடக்கச் சிரமம் இருக்காது.

ஆனால் அந்த நேரான தெரு எதற்காகப் போடப்பட்டது, இந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதெல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. வழிகாட்டி தேவைப்படுவது அங்கேதான். முதல் முறை ஆளில்லாமல் சுற்றியபோது எனக்கு இது நீலக் கதவும் பூனையும் உள்ள அழகான ஊர். இரண்டாவது முறை, பேருந்தில் வந்து இரண்டு இரவு தங்கி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு ஒரு காலை நடந்தபோதுதான், இது ஒரு சுல்தானின் வியாபாரக் கணக்கு என்று புரிந்தது.

கணக்கு இதுதான். தெற்கே அகாதிர் துறைமுகம் சுல்தானின் பிடிக்கு அடங்காமல் இருந்தது. அதை மூடிவிட்டு, ஐரோப்பிய வியாபாரத்தை முழுவதும் தன் கண்பார்வையில் இருக்கும் ஒரே இடத்துக்கு இழுத்தார். சஹாராவைத் தாண்டி திம்பக்துவிலிருந்து ஒட்டக வரிசைகளில் வந்த தங்கத் தூள், தீக்கோழி இறகு, பிசின், இங்கேயே கிடைத்த பாதாம், ஆட்டுத் தோல் எல்லாம் இந்த வாசல் வழியாகக் கப்பல் ஏறின. திரும்பி வந்தது மான்செஸ்டர் துணியும் சீனப் பச்சைத் தேயிலையும். இன்று மொரோக்கோ முழுக்கப் புதினா போட்டுக் குடிக்கும் அந்தத் தேநீர், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில வியாபாரிகள் இந்தத் துறைமுகத்திலும் தாஞ்சியரிலும் இறக்கிய தேயிலையால்தான் நாட்டுக்குள் பரவியது. இதே சுல்தான்தான் 1777இல் அமெரிக்கக் கப்பல்களுக்குத் தன் துறைமுகங்களைத் திறந்துவிட்டவர். அமெரிக்காவைத் தனி நாடாக முதலில் ஏற்றுக்கொண்டது மொரோக்கோ என்று மொரோக்கோக்காரர்கள் பெருமை பேசுவது அதை வைத்துத்தான்.

வழிகாட்டியை முதலில் துறைமுகத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். கடல்வாசல் முகப்பில் ஹிஜ்ரி 1184, அதாவது 1770 வாக்கில், கட்டியதாகக் கல்வெட்டு இருக்கிறது. கட்டியவர் பெயர் அஹ்மத் அல்-ஆல்ஜ், மதம் மாறிய ஐரோப்பியரை அப்படித்தான் அழைப்பார்கள். ஆங்கிலேயர் என்று ஊரில் சொல்வார்கள். உள்ளே நுழைந்தால் நீலப் படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும், தலைக்கு மேல் கடற்காக்கைகள் கத்தும், காலடியில் மீன் செதிளும் வலையும். ஒரு ஓரத்தில் மரப் படகு கட்டுகிறார்கள், விலா எலும்பு தெரிய நிற்கும் பெரிய மீன்பிடிப் படகுகளைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

அங்கிருந்து எதிரே தெரியும் தீவைக் காட்டச் சொல்லுங்கள். ஊரின் வயது 250 சொச்சம்தான். தீவின் கதை அதைவிட மிகப் பழையது. கி.மு. 7ஆம் நூற்றாண்டிலேயே பினீசியர் என்ற பழங்காலக் கடல் வியாபாரிகள் வந்துபோன பானை ஓடுகள் அங்கே கிடைத்தன. பிறகு ரோமாபுரியின் நண்பனாக இந்தப் பகுதியை ஆண்ட இரண்டாம் ஜூபா, இங்கே கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுக்கும் பட்டறை வைத்தான். அரச குடும்பத்துக்கும் செனட்டர்களுக்குமான அந்த ஊதா. அவன் மனைவி யார் தெரியுமா? கிளியோபாத்ராவுக்கும் மார்க் அந்தோணிக்கும் பிறந்த மகள். இன்று தீவு பறவைச் சரணாலயம். எலியனோரா வல்லூறு கோடையில் கூடு கட்ட வரும், இறங்கிப் பார்க்க அனுமதி கிடையாது. படகில் சுற்றி வரலாம், ஆனால் மே மாதக் காற்றில் அம்மாவை அதில் ஏற்றாதீர்கள்.

போர்த்துக்கீசியர் 1506இல் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள், நாலைந்து வருடத்தில் விட்டுவிட்டு ஓடினார்கள். மொகதோர் என்பது இந்த ஊரின் பழைய பெயர். இப்போது நிற்கும் மதிலைக் காட்டி 'போர்த்துக்கீசியக் கோட்டை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது சுல்தான் கட்டியது.

அடுத்து கடலோர மதில் மேடை, ஸ்காலா என்பார்கள். சரிவாக ஏறும் ஒரு பாதை, மேலே போனால் வரிசையாக வெண்கலப் பீரங்கிகள், பல ஸ்பெயினில் வார்த்தவை. வாய் முழுக்கக் கடலைப் பார்த்து நிற்கும். 1844 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படை வந்து இந்த ஊரைக் குண்டு போட்டுத் தாக்கியபோது பீரங்கிகளால் ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. இடிந்தது போக மிச்சத்தைச் சுற்றுப்புறத்து ஆட்கள் சூறையாடினார்கள். வெயில் சாயும் நேரத்தில் இந்த மேடையில் நிற்பதுதான் எஸ்ஸவீராவிலேயே சிறந்த காட்சி. வேன் பயணத்தில் அது உங்களுக்குக் கிடைக்காது, மூன்றரை மணிக்கே கிளப்பிவிடுவார்கள். ஒரு நாள் பயணத்தில் என் பெரிய குறை இதுதான். நான்கு நாளில் ஒரு இரவை இங்கே வைக்க முடியுமென்றால், வேனை விட்டுவிட்டுப் பேருந்தில் வந்து தங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

மேடைக்குக் கீழே மதிலுக்குள்ளேயே குடைந்த அறைகள். ஒரு காலத்தில் வெடிமருந்து வைத்த இடம், இப்போது தச்சுப் பட்டறை. உள்ளே நுழைந்ததும் சந்தனத்துக்கும் மிளகுக்கும் நடுவில் ஒரு வாசனை மூக்கில் ஏறும். அதுதான் அரார் மரம், பிரெஞ்சில் துயா. ஒரு பெரியவர் பெட்டி மூடியில் வேலை செய்துகொண்டிருந்தார். நகத்தைவிடக் குறுகலாக எலுமிச்சை மரச் சில்லு சீவி, குழியில் வைத்து, சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. உட்காரவில்லை. எடுத்து, ஒரு முறை அரத்தில் இழுத்து, மறுபடி வைத்தார். இப்போது உட்கார்ந்தது. அந்த ஒரு மூடியில் அப்படிச் சில்லுகள் நூறுக்கு மேல் இருக்கும். வாங்குவதானால் ஒரு விஷயம்: தண்டு மரத்தில் நீளக் கோடுகள்தான் இருக்கும், வேர்முண்டில் செய்ததில் புள்ளி புள்ளியாகக் கண்கள் தெரியும். விலை வேர்முண்டுக்குத்தான் அதிகம். கோடு போட்டதைப் புள்ளி போட்டதன் விலைக்கு வாங்கிவிடாதீர்கள். பேரம் உண்டு, ஆனால் மராகேஷ் மாதிரி கையைப் பிடித்து இழுப்பது இல்லை.

வழிகாட்டியைக் கட்டாயம் கேட்க வேண்டிய மூன்றாவது இடம் மெல்லா, யூதர் குடியிருப்பு. பெரும்பாலான வேன் பயணங்கள் இதைத் தொடுவதில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். இந்த ஊரே யூத வியாபாரிகளை நம்பிக் கட்டியது. 'சுல்தானின் வியாபாரிகள்' என்ற பட்டத்தோடு, வீடும் முதலும் கடனாகக் கொடுத்து அவர்களை இங்கே குடியேற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஊர் மக்களில் அவர்கள் பெரும் பங்கு. பணக்காரர்கள் கஸ்பா என்ற உள்கோட்டைப் பகுதியில் தூதரகங்களுக்குப் பக்கத்தில், ஏழைகள் மெல்லாவில் நெருக்கியடித்துக்கொண்டு. 1948க்குப் பிறகு இஸ்ரேல், பிரான்ஸ், கனடா என்று கிட்டத்தட்ட எல்லோரும் போய்விட்டார்கள். மெல்லாவில் பல வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. சில கதவு நிலைகளுக்கு மேல் ஆறு முனை நட்சத்திரம் மட்டும் மிச்சம். ரபி ஹயீம் பிந்தோவின் ஜெபக்கூடமும் இங்கேதான். அவருடைய நினைவு நாளுக்கு இன்றும் வெளிநாட்டிலிருந்து யாத்திரை வருகிறார்கள். இன்னொரு பழைய ஜெபக்கூடத்தோடு சேர்ந்த 'பைத் தாகிரா', நினைவில்லம் என்று பொருள், 2020 ஜனவரியில் மன்னர் ஆறாம் முகமது வந்து பார்த்த இடம். யூதரும் முஸ்லிமும் சேர்ந்து வாழ்ந்த காலத்தின் படங்களும் பொருள்களும் இருக்கின்றன. நீங்கள் போகும் நாள் சனிக்கிழமை என்றால் திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான். துறைமுகம், ஸ்காலா, மெல்லா. இங்கே வழிகாட்டிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். இதற்கு மேல் கூட வைத்துக்கொண்டால் கதை கடைகள் பக்கம் திரும்பும். இன்னொரு கதையும் வரும்: அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இங்கே வந்து, பக்கத்துக் கிராமமான தியாபாத்தில் மணலில் புதைந்த அரண்மனையைப் பார்த்துத்தான் 'Castles Made of Sand' என்ற தன் மணல் கோட்டைப் பாட்டை எழுதினார் என்று. அவர் வந்தது 1969இல், உண்மை. பாட்டு வெளிவந்ததோ 1967இல். நான் சொன்னதும் வழிகாட்டி கண் சிமிட்டினார், அடுத்த குழுவுக்கும் அதையேதான் சொல்லியிருப்பார். அதைவிட க்னாவா இசையைப் பற்றிக் கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த இசை, மூன்று நரம்பு கும்ப்ரியும் இரும்புச் சிப்ளாவும். 1998 முதல் ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் இங்கே அதற்குப் பெரிய விழா நடக்கிறது. 2015இல் மறைந்த மஹ்மூத் கினியா என்ற பெரிய ஆசான் இந்த ஊர்க்காரர்.

மதியச் சாப்பாடு. துறைமுகத்துக்கும் சதுக்கத்துக்கும் நடுவில் மீன் சுடும் கடைகள். நீங்கள் அசைவம் என்றால் மத்தி சாப்பிடுங்கள். எடை போடும்போதே மொத்த விலையைப் பேசி முடித்துவிட்டு உட்காருங்கள், சாலட் தனி, ரொட்டி தனி என்று பில் நீளும். அம்மாவுக்கு 'காய்கறித் தஜீன்' (மூடிய மண்சட்டியில் வேகவைப்பது) என்று சொன்னாலும் சட்டியில் இறைச்சிச் சாறு இருக்கலாம், ஹரீரா சூப்பிலும் அப்படியே. கவலையில்லாதது பிஸாரா, அதாவது மொச்சை மாதிரியான காய்ந்த ஃபாவா பயற்றைக் குழைய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகமும். நம் பருப்புக் கடைசல் மாதிரி, அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் அது பெரும்பாலும் காலை உணவு, மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கத்தரிக்காய் ஸாலூக், குடைமிளகாயும் தக்காளியும் சேர்ந்த தக்தூக்கா, சுடச்சுட ரொட்டி, இவை எங்கும் உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் மதியத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். மசூதிக்குள் முஸ்லிம் அல்லாதவர்க்கு அனுமதி இல்லை, வாசலோடு சரி.

ஊருக்குக் கொண்டுபோக என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அம்லு வாங்குங்கள். வறுத்த பாதாமும் ஆர்கன் எண்ணெயும் தேனும் சேர்த்துக் கல்லில் அரைத்த குழம்பு மாதிரியான சமாச்சாரம், தோசைக்குக்கூடத் தொட்டுக்கொள்ளலாம். கண் முன்னால் அரைத்து ஊற்றிக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். பாட்டிலைத் துணியில் சுற்றி, பதிவு செய்யும் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். என் முதல் பாட்டில் அப்படித்தான் போனது.